இரண்டு பதினேழுக்குப் பின் நான்கு நொடி

டைல்ஸ் கடைக்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்
இம்பீரியல் ரோட்டின் ஒரு சனிக்கிழமை மதியத்தை.
முதலில் பச்சைத் திரை.
பிறகு வெறும் கறுப்பு.
கோடெக் இல்லையாம்.

பக்கத்து அறையில்
மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு
கலியபெருமாள் குரல் கொடுக்கிறார்:
"ஓடுதா?"

வேறு பிளேயர் இறக்கினேன். ஓடியது.
ஓடியது என்றால் மழைநாளில் மினி பஸ் ஓடுவதுபோல.
மாடு நிற்கிறது, நிற்கிறது, சட்டென்று மாடே இல்லை.
இளநீர்க்காரர் ஓங்கிய அரிவாள்
இறங்காமலே காய் திறந்திருக்கிறது.
இரண்டு பதினேழு, ஒன்பதாவது நொடியில்
இவர் ஸ்கூட்டர் இடது ஓரமாக, ஒழுங்காக.
பதின்மூன்றாவது நொடியில்
ஐஸ் வண்டியின் பம்பருக்குக் கீழே.
நடுவில் இருந்ததை இதுவரை
இவர் வாயால்தான் பார்த்திருக்கிறோம்
நானும் என் தம்பியும் புதுநகர் ஸ்டேஷன் ரைட்டரும்.

பென் டிரைவ்தான் மெதுவோ என்று
ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். அதே குதி.
பின்னால் வைரஸ் தேடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தினேன்.
நூறில் நின்ற பிராசஸர் அறுபதுக்கு இறங்கியது.
மாடு இப்போது இரண்டு தவணையாக மறைந்தது.
முன்னேற்றம்தான்.

பெட்டியைத் திறந்தால்
ஃபேன் இறக்கையில் தூசி என்று சொல்ல முடியாது,
தேவனாம்பட்டினக் காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்புப் பிசின்.
பழைய டூத் பிரஷ்.
ராமைக் கழற்றி, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ரப்பரால்
அதன் பொன் பற்களைத் தேய்த்தேன்.
கூட்டுறவு வங்கியில் இருபது வருஷம்
இடிக்கிற ஒற்றை ரூபாயைத் தேடியே உட்கார்ந்தவள்.
எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தூக்கம் வராது.

"விடு, வக்கீல் பாத்துக்குவாரு."
இவ்வளவு நேரம் ஓடுதா ஓடுதா என்றவர்.

நேற்றும் வந்திருந்தார் இருசப்பன்.
வண்டியும் லைசென்சும் ஸ்டேஷனில்.
கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு
உள்ளேயும் வராமல் நின்றார்.
"அண்ணன்தாம்மா திடீர்னு திரும்புனாரு."
பையில் ஒரு கிலோ வஞ்சிரம். நான் வாங்கவில்லை.
கதவைச் சாத்தியபிறகும்
ஐஸ் தண்ணீர் படியில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

மணி ஒன்றரை.
கிராபிக்ஸ் டிரைவர் மூன்று வருஷப் பழசு.
புதிதாகப் போட்டேன். அதற்கும் அசையவில்லை.
கடைசியில் செட்டிங்ஸில், பேர்கூடச் சரியாகப் புரியாத ஒரு வரியில்
ஒரே ஒரு டிக்கை எடுத்தேன்.

மாடு நடந்து போனது.
முழு மாடு, வாலை ஆட்டிக்கொண்டு.
அரிவாள் இறங்கியது.

கீபோர்டில் ஈ-யைத் தட்டினால்
தட்டுக்கு ஒரு படம் நகரும்.
ஈ என்றால் கொடு என்றும் பொருள்.
கொடுத்தது.

பத்து: இடது கை ஹேண்டில்பாரில் இல்லை.
பதினொன்று: காதோரம் ஒரு கறுப்புச் சதுரம்.
பன்னிரண்டு: இண்டிகேட்டர் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை,
சொந்த வீட்டுக்குள் நுழைகிறவர்போல வலதுபக்கம்.
ஐஸ் வண்டியின் முன்சக்கரம்
எல்லாப் படத்திலும் விலகிக்கொண்டே இருக்கிறது.

என் போனை எடுத்துப் பார்த்தேன்.
அந்தச் சனிக்கிழமை. இரண்டு பதினேழு.
அழைத்தது நான்.
பேசியது மூன்று நொடி.
வரும்போது மல்லித்தழை என்று தொடங்கி,
சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிட்டு
ரசத்தை இறக்கப் போனேன்.
இத்தனை நாளும் மறந்திருந்தேன்.
மறந்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஓடுதா?"
இந்தத் தடவை கொஞ்சம் சின்னக் குரல்.
"ஓடுது. நல்லாவே ஓடுது."
கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.
அப்புறம் கேள்வி இல்லை.

மகளின் பையைத் துழாவி
இன்னொரு பென் டிரைவ் எடுத்தேன்.
சிங்காரத்தோப்பில் மூன்றாவது சந்து என்று
இருசப்பன் சொன்ன ஞாபகம்.
நகல் ஏறுகிறது,
நாற்பது சதவீதம்.